போன்ல சொல்லிக்கொடுத்தா மூத்திரம் நிக்குமா?

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணாரு. மின்வாரியத்துல என்கூட வேலை பார்த்தவர். எனக்கு பிராஸ்டேட் ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும். அதுக்கப்புறம் மூத்திரம் கசிஞ்சுக்கிட்டே இருந்ததும் தெரியும். (அம்பாசமுத்திரத்துல தெரியாதவங்க யாரு?)

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?"ன்னு கேட்டாரு.

"நல்லா குறைஞ்சிருக்கு. ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடியோ கால்ல பயிற்சி சொல்லிக்கொடுத்தாங்க"ன்னேன்.

சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு.

"போன்ல சொல்லிக்கொடுத்தா மூத்திரம் நிக்குமா அண்ணாச்சி? காசு பறிக்கிற வேலை!"

வந்துச்சு எனக்குக் கோவம். ஆனா அவரு கேட்டதுல தப்பு என்ன இருக்கு? முட்டுவலின்னா முட்டைத் தொட்டுப் பாக்கணும். கழுத்துவலின்னா கழுத்தைப் பிடிச்சுப் பாக்கணும். இதுக்கு மட்டும் போன் எப்படிப் போதும்? போதும்னு நான் சொல்றேன். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுட்டு வந்து உக்காருங்க. (அரை டம்ளராவே போடுங்க, காரணம் பின்னாடி வருது.)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துடுவோம். பிராஸ்டேட் ஆபரேஷன்னு பொதுவா சொல்றோம், அது ரெண்டு விதம். வயசானா சுரப்பி வீங்கி பாதையை அடைக்கும். அதுக்கு உள்பக்கமா சுரண்டி எடுப்பாங்க. இன்னொண்ணு புற்றுநோய்க்கு, சுரப்பியை முழுசா எடுத்துடுவாங்க. எனக்கு நடந்தது ரெண்டாவது. கசிவுத் தொல்லை ரொம்ப வர்றதும் இதுலதான்.

ஏன் கசியுதுன்னா, சிறுநீர்ப்பைக்கு நேர் கீழ, மூத்திரப் பாதையைச் சுத்தி உக்காந்திருக்கு இந்தச் சுரப்பி. மூத்திரத்தை நிறுத்தி வைக்க மேல ஒரு வால்வு, கீழ ஒரு வால்வு. மேல இருக்கறது நம்மளைக் கேக்காமலே தானா மூடிக்கிட்டு இருக்கும். கீழ இருக்கறதை நாமளா இறுக்கலாம். சுரப்பியை முழுசா எடுக்கும்போது மேல் வால்வோட பெரும்பகுதி அதோட போயிடும். சிறுநீர்ப்பையோட வாயை இழுத்து, மிச்சம் இருக்கற பாதையோட தைச்சு, ஆறுற வரைக்கும் மூத்திரம் வடிய ஒரு குழாய் (கதீட்டர்) போட்டு வைப்பாங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல அதை உருவுவாங்க. அன்னையிலேருந்து கீழ் வால்வு ஒண்ணுதான் கதி. அதுவரைக்கும் அதுக்குப் பெருசா வேலையே இருந்ததில்ல!

கதீட்டரை உருவின அன்னைக்கு நான் கட்டில்ல படுத்திருந்தேன், ஒரு சொட்டு இல்ல. அட, நமக்குப் பிரச்சினை இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். அவ்வளவுதான். தரை நனைஞ்சுது. வருதுன்னு ஒரு உணர்ச்சி கூட இல்ல.

படுத்தா காயும், நின்னா நனையும். ராத்திரி பேட் காஞ்சிருக்கும், சாயங்காலம் கனத்துப் போயிருக்கும். (சாயங்காலம் மோசமா இருக்கக் காரணம் உண்டு. நாள் முழுக்க உழைச்ச தசை களைச்சுப் போயிருக்கும்.) இருமினா, தும்மினா, குடத்தைத் தூக்கினா, பேரனைத் தூக்கினா, வாய்விட்டுச் சிரிச்சா... கசிவு. வடிவேலு காமெடி வந்தா டிவியை அணைச்சேன்னா பாத்துக்கோங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு துண்டுத்தாள் கொடுத்தாங்க. 'இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தவும்'னு ஒரு வரி. எது இடுப்பு, எது தளம், எதை இறுக்கணும்? யாரும் சொல்லல.

யூடியூப்ல தேடினேன். எல்லாம் பிரசவம் ஆன பொண்ணுங்களுக்கு. அதுலயும் நியாயம் இருக்கு. இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கின ஆர்னால்ட் கெகல் அமெரிக்காவுல மகளிர் நோய் மருத்துவம் பாத்தவர். 1948-ல அவரு எழுதினதே பிரசவத்துக்கப்புறம் தளர்ந்துபோற தசையைப் பத்தித்தான். நமக்கு அப்புறமாத்தான் அது வந்து சேந்துது. அதுக்காக, குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு சிரிக்கிற பொண்ணு படம் போட்ட வீடியோவைப் பாத்துக்கிட்டு அறுபத்தஞ்சு வயசு ஆம்பளை எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்க முடியும், சொல்லுங்க.

நடைப்பயிற்சிக்கு வர்ற யோகா மாஸ்டர் ஒருத்தர், "இதெல்லாம் நம்ம மூலபந்தம்தான் சார். மலவாயைச் சுருக்கி மேல இழுங்க, போதும்"னாரு. மூலபந்தம் பழைய விஷயம்தான், ஹட யோகப் பிரதீபிகையிலயே இருக்கு. நானும் விடாம இழுத்தேன். புட்டம் ரெண்டும் கல்லு மாதிரி ஆச்சு. தொடை வலிச்சுது. பேட் மட்டும் அதே கனம்.

எங்க ஊர்ல பிசியோதெரபி நடக்குது. பக்கவாதம், முட்டு, தோள்பட்டைக்கெல்லாம் நல்லாவே பாக்காங்க. இதைச் சொன்னா, "இது எங்க லைன் இல்ல சார்"னு கையெடுத்துட்டாங்க. மதுரையில ஆள் உண்டுன்னாங்க. சரி, போறதுன்னா எப்படி? பஸ்ல நாலு மணி நேரத்துக்குக் குறையாது. கசிவை நிறுத்தக் கத்துக்கறதுக்காக, கசிஞ்சுக்கிட்டே, பாத்ரூம் இல்லாத பஸ்ல போயிட்டு வரணும். அதுவும் ஒருதடவை இல்ல, வாராவாரம்.

பெங்களூர்ல இருக்கற மகன்தான் தேடிப் பிடிச்சு, வீடியோ கால்ல பாக்கற ஒரு பிசியோதெரபிஸ்டைச் சேத்துவிட்டான். அவங்க கோயம்புத்தூர்க்காரங்க. சின்ன வயசுப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். எனக்குக் கைகால் வெலவெலன்னு ஆயிடுச்சு. இந்தப் பிள்ளைகிட்டப் போயி இதை எப்படிப் பேசறது?

அந்தம்மா ரொம்பச் சாதாரணமா ஆரம்பிச்சாங்க. "ஒரு நாளைக்கு எத்தனை பேட் சார்? எந்திரிக்கும்போது கசியுதா, இருமும்போதா? அவசரமா வந்து, பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுதா?" கடைசிக் கேள்வி முக்கியமாம். அவசரமா முட்டிக்கிட்டு வர்றது வேற விஷயம், அதுக்கு வைத்தியமும் கொஞ்சம் வேற. எனக்கு இருமல் கேஸ்.

நேர்ல ஒரு ரூமுக்குள்ள உக்காந்திருந்தா, சத்தியமா சொல்றேன், பாதியை முழுங்கியிருப்பேன். போன்ல அப்படி இல்ல. கண்ணு பாக்கற தூரத்துல மனுஷன் இல்லைன்னதும் வாய் தானா திறந்துக்குது. இது முதல் லாபம். நண்பருக்குச் சொல்ல மறந்துட்டேன்.

பின்னாடி இறுக்கினதைப் பத்திச் சொன்னதும் சிரிச்சாங்க. "பாதிப்பேர் அப்படித்தான் சார் வர்றாங்க. பின்னாடி இறுக்கினா பின்பக்க வால்வுதான் இறுகும். உங்களுக்கு வேண்டியது முன்பக்கம்."

இதை ஸ்கேன் வச்சே பாத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல பால் ஹாட்ஜஸ்னு ஒரு பேராசிரியர். அவரோட குழு ஆம்பளைங்களை ஸ்கேன்ல வச்சுக்கிட்டு விதவிதமாச் சொல்லிப் பாத்திருக்காங்க. 'மலவாயைச் சுத்தி இறுக்கு', 'சிறுநீர்ப்பையை மேல தூக்கு', 'மூத்திரத்தை நிறுத்துற மாதிரி பண்ணு', 'ஆண்குறியை உள்ள இழுத்துக் குட்டையாக்கு'. கடைசியாச் சொன்னதுக்குத்தான் மூத்திர வால்வு அதிகமா அசைஞ்சுதாம். 2016-ல வந்த ஆய்வு. அதே மனுஷன், அதே தசை. சொல்ற விதத்தை மாத்தினா வேலை செய்யற இடமே மாறுது!

எனக்கு அந்தம்மா சொன்ன விதம் இன்னும் அருமை. "சார், உங்க ஊர்ல ஆறு இருக்குல்ல? மார்கழி விடியக்காலையில இடுப்பளவு தண்ணியில இறங்கும்போது முன்னாடி எல்லாம் தானா உள்ள இழுத்துக்கும்ல? அந்த இழுப்புதான். தண்ணி மட்டும் இல்ல."

தாமிரபரணிக்கரையில பிறந்தவனுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா? டக்குனு பிடிபட்டுச்சு.

சரியாப் பண்றோமான்னு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திட்டு, கண்ணாடி முன்னாடி நிக்கச் சொன்னாங்க. (கேமராவை அணைச்சுட்டுத்தான், பதறாதீங்க.) இழுக்கும்போது ஆண்குறியோட அடிப்பக்கம் லேசா உள்ள போகணும், விதை கொஞ்சம் மேல ஏறணும். தொடையும் புட்டமும் அசையக்கூடாது. பாத்துட்டு வந்து "ஆமாம்மா"ன்னேன். "அப்ப நாம ஆரம்பிக்கலாம் சார்"னாங்க.

கேமராவுல அவங்க பாத்தது வேற. என் மூஞ்சி, கழுத்து, தோள், வயிறு. "மூச்சை அடக்குறீங்க சார், கழுத்து நரம்பு தெரியுது." "வயித்தைத் தள்ளாதீங்க." "தோள் ஏன் காதுக்குப் போகுது?" மூச்சை அடக்கி வயித்தைத் தள்ளினா, மேலேருந்து சிறுநீர்ப்பையை நாமளே அமுக்குறோம்னு அர்த்தம். பிடிக்கவேண்டிய நேரத்துல பிதுக்குற கதை. அதுக்கு ஒரு வழி சொன்னாங்க: இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சத்தமா எண்ணணும். எண்ணிக்கிட்டே மூச்சை அடக்க முடியாது.

என் பதில் இதுதான் நண்பரே. கிளினிக்குக்கே போனாலும் அந்தத் தசையை வெறுங்கண்ணால யாரும் பாக்க முடியாது. தேவைப்பட்டா மலவாயில விரல் விட்டுப் பாப்பாங்க, ஸ்கேன் கருவியை வச்சுப் பாப்பாங்க. மத்தபடி நேர்லயும் நடக்கறது இதேதான். அவங்க சொல்லணும், நாம செய்யணும், என்ன ஆச்சுன்னு நாம சொல்லணும். தப்பு பண்றது கழுத்துலயும் வயித்துலயும்தான் வெளிய தெரியும், அது போன்லயும் தெரியும். எனக்கு அது போதுமா இருந்துச்சு. சிலருக்கு எவ்வளவு சொன்னாலும் பிடிபடாது. அவங்க ஒருதடவை நேர்ல போய்த்தான் ஆகணும். அந்தம்மாவே இதை முதல் நாளே சொல்லிட்டாங்க.

எங்க வீட்டுல நெட்வொர்க் நல்லா வர்றது மொட்டை மாடியிலதான். சாயங்காலம் அங்க நின்னுக்கிட்டு "ஒண்ணு... ரெண்டு... மூணு..."ன்னு எண்ணிக்கிட்டு இருந்தா, பக்கத்து வீட்டு ஆச்சி வத்தல் அள்ளிக்கிட்டே, "என்ன எண்ணிக்கிட்டு இருக்கீய?"ன்னு கேட்டாக. "டேங்க் நிறையுதான்னு பாக்கேன் ஆச்சி"ன்னேன். முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது.

பயிற்சியை நின்னுக்கிட்டே செய்யச் சொன்னாங்க. கசியறது நிக்கும்போதுதானே, பிறகு படுத்துக்கிட்டுப் பழகி என்ன ஆகப்போகுது? வேகமா இழுத்து விடறது கொஞ்சம், மெதுவா இழுத்துப் பிடிச்சு நிக்கறது கொஞ்சம். தும்மலுக்கு வேகம் வேணும், கல்யாண வீட்டுல நிக்கறதுக்குத் தாக்குப்பிடிக்கிற சக்தி வேணும். ஆஸ்திரேலியாவுல பெர்த்துல ஜோ மிலியோஸ்னு ஒரு பிசியோதெரபிஸ்ட் செஞ்ச ஆய்வு 2019-ல வந்துச்சு. அதுல ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் வேகமா 10, மெதுவா 10, எல்லாம் நின்னுக்கிட்டு. கணக்குப் போட்டா தினமும் 120. அதுவும் ஆபரேஷனுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. வழக்கமான பயிற்சி செஞ்சவங்களைவிட இவங்களுக்குக் கசிவு சீக்கிரம் குறைஞ்சுது. உடனே நீங்க 120-ல ஆரம்பிக்காதீங்க. உங்க தசை எவ்வளவு தாங்கும்னு பாத்துத்தான் ஏத்துவாங்க.

இன்னொரு தந்திரம். இருமப் போறோம்னு தெரிஞ்சா, இருமறதுக்கு முன்னாடியே இழுத்துப் பிடிக்கணும். நாற்காலியிலேருந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி இழு, அப்புறம் எந்திரி. கேக்க லேசு, செய்ய மறந்துபோகும். இதுக்கு எங்க வீட்டம்மா தானா கோச் ஆயிட்டாங்க. பாபநாசம் கோயில்ல, உக்காந்திருந்த இடத்துலேருந்து நான் எந்திரிக்கப் போறப்ப, அத்தனை பேரு மத்தியில, "இழுத்துட்டீங்களா?"ங்கறாங்க. எதைன்னு கேட்டுத் திரும்பினவங்க எத்தனை பேரோ!

அப்புறம் அந்தத் தராசு விவகாரம்.

குறையுதா இல்லையாங்கறதை மனசு சொன்னா நம்பக்கூடாதாம். எடை போட்டுப் பாக்கணும். புது பேட் எவ்வளவு கிராம், கழட்டின பேட் எவ்வளவு கிராம், வித்தியாசம்தான் கசிவு. ஒரு கிராம்னா ஏறத்தாழ ஒரு மில்லி. சமையக்கட்டுல கேக் செய்ய மகன் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் தராசு இருந்துச்சு. பேட்டைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒட்டி, அதை எடுக்கப் போனேன். வீட்டம்மா தராசைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. "இதுல மைதா அளக்கணும்"னு ஒரே வார்த்தை. பாத்ரூமுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கினேன்.

தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் அன்னன்னைக்கு எடையை எழுதி வச்சேன். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் கிராம். வாராவாரம் அதைப் படம் எடுத்து அந்தம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். "செவ்வாய்க்கிழமை ஏன் சார் கூடிருக்கு?"ன்னு கேப்பாங்க. செவ்வாய்க்கிழமை ரேஷன் அரிசி தூக்கினேன். கண்டுபிடிச்சுட்டாங்க! சோம்பேறித்தனத்துக்கு இடமே இல்ல. யாரோ ஒருத்தர் வெள்ளிக்கிழமை கேக்கப் போறாங்கன்னு தெரிஞ்சாலே வியாழக்கிழமை பயிற்சி தானா நடக்கும். துண்டுத்தாள் நம்மகிட்ட ஒண்ணும் கேக்காது.

இப்ப நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லிடணும். பிரிட்டன்ல பெரிய ஆய்வு ஒண்ணு நடந்து 2011-ல 'லான்செட்' இதழ்ல வந்துச்சு. சுரப்பியை முழுசா எடுத்தவங்கள்ல கசிவு இருந்தவங்க 411 பேரை எடுத்துக்கிட்டு, பாதிப்பேருக்கு நேர்ல தனியா பயிற்சி, மீதிப்பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா கசிவு உள்ளவங்க இங்க 76 சதவீதம், அங்க 77 சதவீதம். வித்தியாசமே இல்ல! (லேசாக் கசிஞ்சாலும் கணக்குல சேத்திருக்காங்க, அதான் எண்ணிக்கை இவ்வளவு பெருசு.) அதுக்கு முன்னாடி 2000-ல பெல்ஜியத்துல லூவன்ல நடந்த ஆய்வு நேர் எதிர். மூணு மாசத்துல பயிற்சி எடுத்தவங்கள்ல 88 சதவீதம் பேருக்குக் கசிவு நின்னுது, எடுக்காதவங்கள்ல 56.

ரெண்டையும் படிச்சுட்டு நான் முடிவு பண்ணது இது: முதல் வருஷத்துல நிறையப் பேருக்குத் தானாவும் குறைஞ்சுக்கிட்டே வரும். ஆனா அந்த வருஷத்தை அனுபவிக்கப் போறது நான்தானே? ஒன்பதாவது மாசம் குறையறது நாலாவது மாசம் குறைஞ்சா எனக்கு அது பெருசு. பழைய ஆய்வுகள்ல பின்பக்கத்தை இறுக்கச் சொல்லிக்கொடுத்ததும் பலன் குறைஞ்சதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு ஹாட்ஜஸ் தரப்பு சொல்லுது. என் புட்டமும் அதுக்குச் சாட்சி சொல்லும்.

ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கா ஆயிடுச்சு, இனிமே என்னன்னு விட்டுட்டவங்களுக்கும் ஒரு சேதி இருக்கு. அமெரிக்காவுல 208 பேரை வச்சு ஒரு ஆய்வு, 2011-லயேதான் வந்துச்சு. எல்லாருமே ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆனவங்க, 17 வருஷம் ஆனவங்க கூட உண்டு. எட்டு வாரப் பயிற்சியில வாரத்துக்கு சராசரி 28 தடவை கசிஞ்சது 13 ஆச்சு. அதுலயே இன்னொண்ணும் பாத்தாங்க. மின்தூண்டல் மெஷினெல்லாம் சேத்துக் கொடுத்த குழுவுக்குக் கூடுதலா ஒண்ணும் கிடைக்கல. அதனால 'மெஷின்ல உக்காந்தாலே போதும்'னு யாராவது பேக்கேஜ் விலை சொன்னா, வெளிய வந்துடுங்க.

காபி. ஆமா, சொல்றேன்னேன். கஃபீன் சிறுநீர்ப்பையை உசுப்பும். விடச் சொல்லல, குறைக்கச் சொன்னாங்க. நான் அரை டம்ளர்ல நிக்கேன், அதுக்கு மேல பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணியைக் குறைக்கறதுதான் பெரிய தப்பு. கசியுமேன்னு பயந்து தண்ணி குடிக்காம இருந்தா மூத்திரம் கெட்டியாகி சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சல் பண்ணும். மலச்சிக்கலும் ஆகாது, முக்கினா இத்தனை நாள் கட்டினது அத்தனையும் கீழ தள்ளும். அப்புறம், ஒண்ணுக்குப் போகும்போது பாதியில நிறுத்தி நிறுத்திப் பழகறதை வழக்கமா வச்சுக்காதீங்க. முழுசாக் காலியாகாமப் போயிடும்.

இப்ப நான் எங்க நிக்கேன்னா, வீட்டுல பேட் இல்ல. வெளிய போகும்போது மெல்லிசா ஒண்ணு, அதுவும் தைரியத்துக்கு. வெள்ளை வேட்டி திரும்பக் கட்ட ஆரம்பிச்சாச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு மாசம், ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் கொட்டுதுன்னா, பாதையைத் தாங்கிப் பிடிக்க நாடா வைக்கிற ஆபரேஷன் இருக்கு, செயற்கை வால்வு வைக்கிறதும் இருக்கு. சிறுநீரியல் டாக்டரை (யூராலஜிஸ்ட்) கேளுங்க. காய்ச்சல், ரத்தம், மூத்திரம் அடைச்சுக்கறது, இதெல்லாம் வந்தா பிசியோவுக்குப் போன் பண்ணாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்க யாராவது இதைப் படிச்சா: இன்னைக்கே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பிடிங்க, நேர்லயோ போன்லயோ. கதீட்டர் இல்லாதப்ப, வலி இல்லாதப்ப அந்தத் தசையைக் கண்டுபிடிக்கறது ரொம்ப லேசு. கதீட்டர் போட்டிருக்கற நாள்ல மட்டும் செய்யாதீங்க, அதை உருவினப்புறம் தொடருங்க.

கல்யாண மண்டபமோ ஓட்டலோ வச்சிருக்கறவங்க யாராவது படிச்சா, உங்களுக்கும் ஒண்ணு. போன முகூர்த்தத்துல நனைஞ்ச பேட்டை வேட்டி மடிப்புக்குள்ள வச்சுக்கிட்டு பந்தியில உக்காந்து சாப்பிட்டேன். ஆம்பளைங்க பாத்ரூம்ல அதைப் போட ஒரு இடம் கிடையாது. பிரிட்டன்ல 'பிராஸ்டேட் கேன்சர் யுகே'ங்கற அமைப்பு இதுக்குன்னே 'பாய்ஸ் நீட் பின்ஸ்'னு பிரசாரம் நடத்துது. நீங்க பிரசாரம் எல்லாம் பண்ண வேண்டாம். ஆம்பளைங்க பாத்ரூம்ல, கதவு சாத்துற கக்கூஸுக்குள்ள, மூடி போட்ட குப்பைத்தொட்டி ஒண்ணே ஒண்ணு வைங்க.